உங்களுக்குத் தெரியுமா? தாத்தா பாட்டியோடு வட அட்லாண்டிக் கரையோரம்

மூன்று தலைமுறையும் ஒரே வேனில் ஏறிப் போக வட அமெரிக்காவில் ஒரு கரையைச் சொல் என்றால், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் தொடங்கி கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் முடிகிற வட அட்லாண்டிக் கரையைத்தான் சொல்வேன். இங்கே பார்க்க வேண்டியவற்றில் பாதியை நாம் தேடிப் போக வேண்டியதில்லை. கடல் தானாக விலகித் தன் தரையைக் காட்டும். திமிங்கிலம் கரையோரம் வரும். பனிமலை மிதந்து வரும். முழங்கால் வலிக்கிற பாட்டியும் ஓயாமல் ஓடுகிற பேரனும் ஒரே இடத்தில் நின்று ஒரே காட்சியைப் பார்க்கலாம். "வயசானவங்களை எதுக்கு அலைக்கழிக்கணும்?" என்று பெரியவர்களை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்புகிறவர்களுக்காகவே இந்தத் துணுக்குகள்.

● மெய்னின் போர்ட்லாந்து நகரை ஒட்டி, கேப் எலிசபெத்தில் நிற்கும் கலங்கரை விளக்கம் 1791 ஜனவரியில் முதன்முதலாக ஏற்றப்பட்டது. அதைக் கட்டி முடிக்கச் சொன்னவர் ஜார்ஜ் வாஷிங்டன். சுற்றிலும் பூங்கா, புல்வெளி. வண்டியை விட்டு இறங்கிய கொஞ்ச தூரத்திலேயே கடலும் விளக்கமும் கண்ணுக்கு முன்னால் நிற்கும். பயணத்தை இங்கே தொடங்கினால் முதல் நாளே பெரியவர்கள் களைத்துப் போக மாட்டார்கள்.

● உயிரோடு இருக்கும் லாப்ஸ்டர் கரும்பச்சையும் பழுப்புமாக இருக்கும். கொதிக்கும் பானையில் போட்டால்தான் சிவக்கும். அதன் ஓட்டில் சிவப்பு நிறமி முன்பே இருக்கிறது. ஒரு புரதம் அதைப் பிடித்து வைத்து மறைத்திருக்கிறது. சூட்டில் புரதம் சிதைந்ததும் நிறம் வெளியே வருகிறது. பிள்ளைகளுக்கு இன்னொரு தகவலும் சொல்லலாம்: லாப்ஸ்டர் இரையை அரைக்கும் பற்கள் அதன் வயிற்றுக்குள் இருக்கின்றன.

● அகேடியா தேசியப் பூங்காவில் சுமார் 72 கிலோமீட்டர் நீளத்துக்குச் சரளைக்கல் பாதைகள் இருக்கின்றன. மோட்டார் வண்டிகள் அவற்றில் போக முடியாது. பெட்ரோல் பணத்தில் கோடீசுவரரான ராக்ஃபெல்லரின் மகன், ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர், குதிரை வண்டிகளுக்காகவே போட்ட பாதைகள் இவை. ஏற்றம் சீராக இருக்கும்படி திட்டமிட்டுப் போட்டதால் முதியவர்கள் மெதுவாக நடக்கத் தோது. கருங்கல் பாலங்களின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று கீழே ஓடையைப் பார்க்கலாம்.

அதே பூங்காவிலுள்ள கேடிலாக் மலையின் உயரம் 466 மீட்டர்தான். ஆனாலும் அக்டோபர் தொடக்கத்திலிருந்து மார்ச் தொடக்கம் வரை அமெரிக்காவில் முதலில் சூரியன் தெரிகிற இடங்களில் அதுவும் ஒன்று. உச்சி வரை கார் போகும். கோடையிலும் இலையுதிர் காலத்திலும் காருக்கு முன்பதிவு கட்டாயம். விடியற்காலைக் காற்று ஊசியாகக் குத்தும் என்பதால், பாட்டிக்கு ஒரு சால்வை போதாது, இரண்டு எடுத்து வையுங்கள்.

● கேம்பபெல்லோ தீவு கனடாவைச் சேர்ந்தது. ஆனால் அங்கே போகும் ஒரே பாலம் அமெரிக்காவிலிருந்து போகிறது, மெய்னின் லூபெக் ஊரிலிருந்து. பாலத்தைக் கடந்தால் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ள வேண்டும். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் கோடைக்கால வீடு இங்கே இருக்கிறது. 1921 ஆகஸ்டில், 39 வயதில், இந்த வீட்டில் தங்கியிருந்தபோதுதான் கால்களை முடக்கிய நோயில் விழுந்தார். பிறகு நான்கு முறை ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1964 முதல் இந்த வீடு இருக்கும் பூங்காவை இரு நாடுகளும் சேர்ந்தே பராமரிக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. சூப்பர் விசாவில் கனடாவுக்கு வந்திருக்கும் தாத்தா பாட்டி ஒரே வருகையில் ஐந்து ஆண்டுகள் வரை அங்கே தங்கலாம். ஆனால் அமெரிக்க விசா இல்லாமல் இந்தப் பாலத்தின் பக்கம் போக முடியாது. எல்லைச் சாவடி வரை கூட்டிப் போய் அவர்களைத் திரும்ப வைப்பது பெரும் பாவம். வழியைப் போடும்போதே எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் மேசையில் விரித்துப் பாருங்கள்.

● உலகிலேயே கடல்மட்டம் மிக அதிகமாக ஏறி இறங்கும் இடம் ஃபண்டி விரிகுடா. அதன் உள்முனையில், நோவா ஸ்கோஷியாவின் பர்ன்ட்கோட் ஹெட் பக்கம், வற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் 16 மீட்டர் வரை போகும். ஐந்து மாடிக் கட்டடத்தின் உயரம் அது.

ஏன் இங்கே மட்டும் இப்படி? நிலவின் இழுப்பு எல்லாக் கடலுக்கும் பொது. ஃபண்டியின் நீளமும் ஆழமும்தான் காரணம். இந்த விரிகுடாவில் நீர் ஒருமுறை உள்ளே போய் வெளியே வர இயல்பாக 13 மணி நேரம் ஆகிறது. வெளியே அட்லாண்டிக்கின் ஏற்றமோ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே தாளத்தில் விழுகின்றன. ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் ஆட்டம் கூடிக்கொண்டே போகுமே, அதுதான் ஒவ்வொரு நாளும் இங்கே நடக்கிறது. உள்ளே போகப் போக விரிகுடா குறுகி, ஆழமும் குறைவதால் நீருக்கு மேலே ஏறுவதைத் தவிர வழியில்லை.

நியூ பிரன்ஸ்விக்கின் ஹோப்வெல் பாறைகளில் இதைக் காலால் நடந்தே உணரலாம். கடல் வற்றும் நேரத்துக்கு மூன்று மணி முன்பிருந்து மூன்று மணி பின்பு வரை கடலின் தரையில் இறங்கி நடக்க விடுகிறார்கள். தலைக்கு மேலே மரங்கள் முளைத்த செம்பழுப்புப் பாறைத் தூண்கள். தூணின் அடிப்பாகத்தில் கடற்பாசி கொத்துக் கொத்தாகத் தொங்கும். பாசி எந்த உயரத்தில் நிற்கிறதோ, பாறையின் நிறம் எங்கே மாறுகிறதோ, அதைப் பார்த்தால் தண்ணீர் எதுவரை வரும் என்று தெரியும். அந்தக் கோடு உங்கள் தலைக்கு மிக மேலே இருக்கும். பாசியில் சின்னச் சின்னக் காற்றுப் பைகள் உண்டு. விரலால் அழுத்தினால் பட்டென்று வெடிக்கும். பிள்ளைகள் அதை விட்டு நகர மாட்டார்கள்.

கீழே இறங்கப் படிக்கட்டு இருக்கிறது. சேறு வழுக்கும், பழைய ரப்பர் செருப்பு நல்லது. படி இறங்க முடியாத பெரியவர்கள் மேல்தளத்திலிருந்தே பார்க்கலாம். நுழைவாயிலிலிருந்து பாறைகள் வரை நடக்க முடியாதவர்களுக்குச் சிறு வண்டியும் ஓடுகிறது. வற்றத்திலிருந்து ஏற்றம் வர ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். காலையில் நடந்த இடத்தில் மதியம் சின்னப் படகுகள் மிதப்பதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஏற்றமும் வற்றமும் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். ஆகவே ஓட்டல் அறையைப் பதிவு செய்வதற்கு முன் அந்த வாரத்து ஏற்றவற்ற அட்டவணையைப் பாருங்கள். இந்தக் கரையில் பயணத் திட்டத்தைப் போடுவது நிலவுதான்.

● நியூ பிரன்ஸ்விக்கின் மாங்க்டனில் காரை நியூட்ரலில் போட்டுவிட்டால் மேட்டை நோக்கித் தானாக ஏறுவது போலத் தோன்றும் ஒரு சாலை உண்டு, மேக்னெடிக் ஹில். காந்தமும் இல்லை, மாயமும் இல்லை. சுற்றியுள்ள நிலத்தின் சாய்வு கண்ணை ஏமாற்றுகிறது. இறக்கத்தை ஏற்றமாகக் காட்டுகிறது.

● பிரின்ஸ் எட்வர்ட் தீவுக்குப் போகும் கான்ஃபெடரேஷன் பாலம் 12.9 கிலோமீட்டர் நீளம். 1997 மே 31 அன்று திறந்தார்கள். குளிர்காலத்தில் உறைகிற நீரின் மேல் கட்டிய பாலங்களில் உலகிலேயே நீளமானது. நேராகக் கட்டாமல் வளைவுகள் வைத்திருப்பது, ஓட்டுநருக்குக் கண் சொக்காமல் இருக்க. சுங்கம் தீவை விட்டு வெளியேறும்போது மட்டும்தான்.

தீவின் மண் சிவப்பு, இரும்புத் துரு கலந்த மண். லூசி மாட் மாண்ட்கமரி 1908-இல் வெளியிட்ட 'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்' நாவலுக்குத் தூண்டுதலான பண்ணை வீடு கேவண்டிஷில் இருக்கிறது. வயதான அண்ணனும் தங்கையுமான இருவர் ஓர் அநாதைச் சிறுமியை வளர்க்கும் கதை அது. போகும் வழியில் பேத்திக்குத் தாத்தா பாதிக் கதை சொல்லி நிறுத்திவிட்டால், மீதியை வீட்டின் அறைகளில் நின்று சொல்லலாம்.

● நோவா ஸ்கோஷியாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில், அட்லாண்டிக் கடல்சார் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஜோடிக் குழந்தைச் செருப்புகள் இருக்கின்றன. பழுப்புத் தோல், உள்ளங்கை நீளம். பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து நின்று பார்க்க வேண்டியது இது. கதையைச் சொல்லாமல் நகர்ந்துவிடாதீர்கள்.

1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியதும், உடல்களை மீட்க ஹாலிஃபாக்ஸிலிருந்து கடலடி கேபிள் பதிக்கும் கப்பல்தான் போனது. அதன் மாலுமிகள் கண்டெடுத்தவற்றில் ஓர் ஆண் குழந்தையின் உடலும் இருந்தது. உரிமை கோர யாரும் வரவில்லை. மாலுமிகளே செலவு செய்து கல்லறை எழுப்பினார்கள். நினைவுப் பொருள் சேர்க்கிறவர்கள் கையில் சிக்கக் கூடாது என்று பலியானவர்களின் துணிகளை எரிக்க உத்தரவு. காவலுக்கு இருந்த போலீஸ் அதிகாரிக்கு இந்தச் சின்னச் செருப்புகளை மட்டும் நெருப்பில் போட மனம் வரவில்லை. தன் மேசை இழுப்பறையில் வைத்துவிட்டார். குடும்பத்தில் பத்திரமாக இருந்த அவற்றை அவருடைய பேரன் 2002-இல் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்.

குழந்தையின் பெயர் அதுவரை சரியாகத் தெரியவில்லை. முதல் டி.என்.ஏ. சோதனை 13 மாதக் குழந்தை ஒன்றைக் காட்டியது. ஆனால் செருப்பு அந்த வயதுக்குப் பெரிதாக இருந்தது. மறுபடி சோதித்து, 2007-இல்தான் சிட்னி குட்வின் என்று உறுதி செய்தார்கள். இங்கிலாந்திலிருந்து பெற்றோரோடும் ஐந்து அண்ணன் அக்காமாரோடும் புறப்பட்ட 19 மாதக் குழந்தை. குடும்பத்தில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஒரு போலீஸ்காரர் எரிக்காமல் விட்டதால் ஒரு குழந்தைக்கு 95 ஆண்டுகள் கழித்துப் பெயர் கிடைத்தது.

● ஒவ்வொரு ஆண்டும் கிறிஸ்துமஸுக்கு நோவா ஸ்கோஷியா பாஸ்டன் நகருக்கு ஒரு பெரிய மரத்தை அனுப்புகிறது. 1917 டிசம்பர் 6 அன்று ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிய பிரெஞ்சுக் கப்பல் இன்னொரு கப்பலோடு மோதித் தீப்பிடித்து வெடித்தது. ஏறத்தாழ 2,000 பேர் இறந்தார்கள். தீயை வேடிக்கை பார்க்க ஜன்னலருகே நின்ற பலர் கண்ணாடிச் சில்லால் பார்வை இழந்தார்கள். அன்று இரவே மருத்துவர்களோடும் மருந்துகளோடும் பாஸ்டனிலிருந்து ரயில் கிளம்பியது. அந்த நன்றிக்கு 1971 முதல் ஆண்டு தவறாமல் மரம் போகிறது. உதவி பெற்றவர்களும் செய்தவர்களும் போய்ச் சேர்ந்த பிறகும் நன்றி நிற்கவில்லை.

● அதே துறைமுகத்தின் பியர் 21 வழியாக 1928 முதல் 1971 வரை ஏறத்தாழ பத்து லட்சம் குடியேறிகள் கனடாவுக்குள் வந்தார்கள். இப்போது அது குடியேற்ற அருங்காட்சியகம். தங்கள் பாட்டனார் எந்தக் கப்பலில் வந்தார் என்று இங்கே தேடித் தெரிந்துகொள்ளும் குடும்பங்கள் ஏராளம்.

● நோவா ஸ்கோஷியாவின் பெகிஸ் கோவ் கலங்கரை விளக்கத்தைச் சுற்றியுள்ள கருங்கல் பாறைகளில் வெளுத்த கல்லில் நடக்கலாம், கறுத்த கல்லில் கால் வைக்கக் கூடாது. கறுப்பாக இருந்தால் அலை அதுவரை வந்து நனைத்திருக்கிறது என்று பொருள். அமைதியான நாளிலும் திடீரென்று பேரலை எழுந்து ஆளை இழுத்துப் போயிருக்கிறது. பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

● கேப் பிரெட்டன் தீவைச் சுற்றும் கேபட் டிரெயில் சாலை 298 கிலோமீட்டர். வலப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் போனால் உங்கள் வண்டி கடல் பக்கமாகவே ஓடும். காட்சி அள்ளும். உயரத்தைக் கண்டால் தலை சுற்றும் பெரியவர்கள் வண்டியில் இருந்தால் கடிகாரத் திசையில் போங்கள். மலைப் பக்கத்து ஓரம் கிடைக்கும்.

வழியில் படெக் ஊர். தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் குடும்பத்தோடு கோடை கழித்த இடம், அவரை அடக்கம் செய்த இடமும்கூட. 1909 பிப்ரவரி 23 அன்று இங்கே உறைந்த ஏரியின் மேலிருந்து கிளம்பிய 'சில்வர் டார்ட்' தான் கனடாவில் பறந்த முதல் விமானம்.

● நியூஃபவுண்ட்லாந்தில் இறங்கியதும் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ள வேண்டும். உலக நேரக் கணக்கில் அரை மணி சேர்ந்து வரும் சில இடங்களில் இதுவும் ஒன்று, இந்தியாவையும் இலங்கையையும் போலவே. அதனால் டொராண்டோவிலிருந்து ஊருக்குப் பேசும்போது போடும் அரை மணிக் கணக்கு இங்கே தேவையில்லை. கோடையில் சரியாக எட்டு மணி நேர வித்தியாசம். நிமிட முள் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் நிற்கும் இடத்திலேயே நிற்கும்.

● இந்தத் தீவில் மூஸ் எனும் பெரிய மான் இயற்கையாக இருந்ததே இல்லை. 1904-இல் நியூ பிரன்ஸ்விக்கிலிருந்து நான்கைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று தீவு முழுக்க மூஸ். கால்கள் நெடியவை என்பதால் கார் மோதினால் முழு உடலும் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே விழும். இருட்டுவதற்கு முன் தங்குமிடம் போய்ச் சேர்ந்துவிடுங்கள். இதில் சமரசமே வேண்டாம்.

● கனடாவின் தேசியப் பூங்காக்களில் 17 வயது வரை நுழைவு இலவசம். 65 வயதானவர்களுக்குச் சலுகை. நல்ல காட்சி தெரியும் இடங்களில் போட்டிருக்கும் சிவப்பு மர நாற்காலிகளின் வழக்கம் 2011-இல் நியூஃபவுண்ட்லாந்தின் குரோஸ் மார்ன் பூங்காவில்தான் தொடங்கியது. அதே பூங்காவில் டேபிள்லேண்ட்ஸ் என்ற துரு நிற மேட்டுநிலம் இருக்கிறது. பூமியின் மேலோட்டுக்கு அடியில் இருக்க வேண்டிய பாறை மேலே வந்து கிடக்கிறது. அதில் உள்ள உலோகங்கள் செடிகளுக்கு ஒத்துக்கொள்வதில்லை, மிகச் சிலவே முளைக்கின்றன. சாலையிலிருந்தே பார்க்கலாம்.

● தீவின் வடமுனையில் லான்ஸோ மெடோஸ். கொலம்பஸுக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு முன்பே நார்ஸ் மாலுமிகள் வந்து தங்கிய இடம். எந்த ஆண்டில் அங்கே இருந்தார்கள் என்பதும் 2021-இல் தெரிந்துவிட்டது. கி.பி. 993-இல் வீசிய பெரும் சூரியப் புயல் அந்த ஆண்டு மர வளையங்களில் கதிரியக்கத் தடம் விட்டிருந்தது. அவர்கள் இரும்புக் கருவியால் வெட்டிப் போட்ட மரத்துண்டில் அந்த வளையத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பட்டை வரை எண்ணினார்கள். 28 வளையம். வெட்டியது 1021-இல்.

● ஜூன், ஜூலையில் கேப்லின் என்னும் சிறு மீன்கள் முட்டையிட அலையோடு அலையாகக் கரையில் புரளும். ஊரே வாளியும் வலையும் எடுத்துக்கொண்டு இறங்கும், எண்பது வயதுக்காரர்களும் நண்டு சிண்டுகளும். மீனைத் துரத்திக்கொண்டு கூனல் முதுகுத் திமிங்கிலங்கள் வரும். தெற்கு அவலான் தீபகற்பத்தில் செயின்ட் வின்சென்ட்ஸ் கடற்கரை சட்டென்று ஆழமாகிவிடுவதால் அவை கரைக்கு வெகு அருகே வந்துவிடும். படகு வேண்டாம், டிக்கெட் வேண்டாம். மடக்கு நாற்காலி போட்டுப் பாட்டியை உட்கார வையுங்கள்.

● அந்தக் கடற்கரைக்குப் பக்கத்தில்தான் செயின்ட் ஷாட்ஸ் என்ற மிகச் சின்ன மீனவ ஊர் இருக்கிறது. 1986 ஆகஸ்ட் 11 அன்று, கடும் மூடுபனியில், இந்த ஊருக்கு வெளியே கடலில் இரண்டு திறந்த உயிர்காப்புப் படகுகளை மீன் பிடிக்கப் போன கேப்டன் கஸ் டால்டன் கண்டார். அவற்றில் நெருக்கியடித்துக்கொண்டு 155 ஈழத் தமிழர்கள். மேற்கு ஜெர்மனியிலிருந்து ஏற்றிவந்த கப்பல் அவர்களை நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. நாட்கணக்கில் அலைந்திருந்தார்கள், பெண்களும் குழந்தைகளும்கூட. டால்டன் தம் படகில் ஏற்றிக்கொண்டார், மற்ற மீன்பிடிப் படகுகளையும் கூப்பிட்டார். யார், எவர், எந்த நாடு என்று விசாரித்துவிட்டு அல்ல. செயின்ட் ஜான்ஸ் நகருக்குக் கொண்டுவந்து மெமோரியல் பல்கலைக்கழக விடுதியில் தங்க வைத்தார்கள். அகதிகளைக் கரையிலிருந்து திருப்பி அனுப்ப மாட்டோம் என்றார் அன்றைய பிரதமர் மல்ரூனி. பலர் பிறகு டொராண்டோவிலும் மாண்ட்ரியாலிலும் வேர் பிடித்தார்கள். 30 ஆண்டு நிறைவில், 2016-இல், அவர்களில் சிலர் வந்து டால்டனைச் சந்தித்தார்கள்.

அன்று இருபதுகளில் இருந்தவர்களுக்கு இன்று பேரப் பிள்ளைகள் இருக்கும் வயது. கனடாத் தமிழ்க் குடும்பங்கள் இந்தக் கரையோரம் போனால், செயின்ட் ஜான்ஸிலிருந்து சுமார் இரண்டு மணி நேர ஓட்டத்தை மிச்சப்படுத்த நினைக்கக் கூடாது. படகில் வந்தவர்களோ, விமானத்தில் வந்தவர்களோ, அம்மம்மாவும் அப்பப்பாவும் தாங்கள் வந்த கதையைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. வண்டியில் பாட்டை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

● அதே பகுதியில் மிஸ்டேக்கன் பாயிண்ட். 56 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய, ஆழ்கடலில் வாழ்ந்த உயிர்களின் பதிவுகள் பாறையில் அப்படியே இருக்கின்றன. வழிகாட்டியோடுதான் போகலாம். பாறை தேயாமலிருக்க ஷூவைக் கழற்றிவிட்டுத் தனி உறை மாட்டிக்கொள்ள வேண்டும். நடை நீளம். நடக்க முடியாதவர்களுக்கு போர்ச்சுகல் கோவ் சவுத் மையத்தில் அச்செடுத்த மாதிரிகள் உண்டு.

● சைவம் சாப்பிடும் பெரியவர்கள் கவனிக்க: நியூஃபவுண்ட்லாந்தில் காலையுணவுக்குத் தரும் டூட்டன் என்ற பொரித்த மாவு ரொட்டி பார்க்கச் சைவம், ஆனால் பன்றிக் கொழுப்பில் பொரிப்பதுதான் பழைய முறை. சௌடர் சூப்பிலும் உப்பிட்ட பன்றியிறைச்சி போடுவார்கள். கேட்டுவிட்டு வாங்குங்கள். ஆகஸ்டில் மெய்னில் காட்டு புளூபெர்ரி, நியூஃபவுண்ட்லாந்தில் பேக்ஆப்பிள் என்கிற ஆரஞ்சு நிறச் சதுப்புநிலப் பழம், இரண்டையும் தயங்காமல் சாப்பிடலாம். மின் அடுப்பும் ஒரு சிறு அரிசி மூட்டையும் வண்டியில் இருந்தால் நிம்மதி.

● நியூஃபவுண்ட்லாந்துக்கு கேப் பிரெட்டன் தீவின் நார்த் சிட்னியிலிருந்து போர்ட் ஓ பாஸ்க்குக்குக் கப்பல் சுமார் ஏழு மணி நேரம். அங்கிருந்து செயின்ட் ஜான்ஸ் 900 கிலோமீட்டர். வந்த வழியே திரும்பி ஓட்டுவதற்குப் பதில் கோடையில் அவலான் தீபகற்பத்தின் அர்ஜென்ஷியாவிலிருந்து நேரே நார்த் சிட்னி வரும் கப்பலைப் பிடியுங்கள். சுமார் 16 மணி நேரம், படுக்கையறை எடுத்தால் பெரியவர்கள் தூங்கிக்கொண்டே வரலாம். அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும், மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்ய வேண்டும். கப்பல் கிளம்பியதும் கார்த் தளத்தைப் பூட்டிவிடுவார்கள், நடுவில் இறங்கிப் போய் எதையும் எடுக்க முடியாது. தாத்தாவின் சர்க்கரை மாத்திரை, பாட்டியின் கம்பளி, குழந்தையின் பால் புட்டி எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, காரை விட்டு இறங்கும்போதே கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.